வண்டியின் பின்னால் ஆறு எழுத்து

எர்மினியா கேசாதாவிடம் இருப்பது எண்பத்திரண்டாம் வருடத்து டொயோட்டா, நீல நிறச் சின்ன பிக்கப். எங்கள் மலையூர் கொன்ஸ்தான்சாவின் பூண்டு வயல்களுக்கு நடுவே அவள் அதை ஓட்டிப் போவதை அடுத்த வீட்டுக்காரனான நான் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. விடியற்காலையில் அவள் அதைக் கிளப்பும் சத்தத்தில்தான் என் வீட்டுச் சேவலே விழித்துக்கொள்ளும்.

இந்த ஜப்பான் வண்டிகள் வருவதற்கு முன் எங்கள் மலையில் கோவேறு கழுதைகள்தான். வசதியானவர்களிடம் பெரிய அமெரிக்க வண்டிகள் இருந்தன. அவை வளைவில் திரும்ப முடியாமல் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், பெட்ரோலையும் மடக் மடக்கென்று குடிக்கும். முதல் சின்ன பிக்கப் மேலே ஏறி வந்த அன்று, இங்கே குடியேறி விவசாயம் பார்த்த ஜப்பானியர் தோன் மசாவோவைப் பிடித்துக்கொண்டு, என்ஜினை விளக்கச் சொல்லி ஊரே நச்சரித்தது. தனக்குத் தெரிந்ததெல்லாம் முட்டைக்கோஸ்தான் என்று அந்த மனிதர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

பத்து வருடத்துக்குள் வீட்டுக்கு வீடு ஒன்று நின்றது. மூடியைத் திறந்தால் என்ஜினைத் தாண்டித் தரை தெரியும், கை தாராளமாக உள்ளே போகும். பெட்ரோல் தொட்டி ஒழுகினால் துணி சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு ஊர் வந்து சேரலாம். ஒரு டன் ஏற்றச் சொன்ன இடத்தில் நாங்கள் இரண்டு டன் ஏற்றுவோம், அதுவும் பாவம், ஏறிவிடும்.

அந்த நீல வண்டியை வாங்கியவன் எர்மினியாவின் புருஷன் நிகானோர். தூங்கும்போதும் சாவி தலையணைக்கு அடியில்தான் இருக்கும். தானும் ஓட்டிப் பழகட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"ஒண்ணு நான் ஓட்டணும், இல்லேன்னா நீ ஓட்டணும். ரெண்டு பேருக்கு இதுல இடம் கிடையாது."

பிறகு ஒருநாள் கியர்பாக்ஸ் உடைந்தது. வண்டியையும் அவளையும் ஒன்றாக விட்டுவிட்டு அவன் நியூயார்க் போய்ச் சேர்ந்தான். அவள் மெக்கானிக் பொலிபியோவை அழைத்துச் சரிசெய்ய வைத்தாள். மூன்றே வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்குள் என் வேலியை இரண்டு முறை சாய்த்தாள்.

அவள் இன்னும் இருக்கிறாளா, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளா என்று ஊர் வாய் ஓயாமல் விசாரித்தது. எர்மினியா ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கினாள். வண்டியின் பின்கதவில் கம்பெனிப் பெயர் TOYOTA என்று ஆறு எழுத்தில் புடைப்பாக இருக்கும். கடைசி மூன்றையும் நீலத்தால் மூடினாள். மிச்சம் இருந்தது TOY, 'டொய்'. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு 'இருக்கேன்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

பூண்டு, வெங்காயம், கல்யாணப் பெண், சவப்பெட்டி எல்லாம் அந்த 'டொய்' வண்டியில் போயின. ஒருமுறை டோமினோ ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரை மேசையோடு ஏற்றிக்கொண்டு போனாள், ஆட்டம் நிற்கவே இல்லை. அந்த நால்வரில் ஒருவன் நான். அன்று ஜெயித்ததும் நான்தான்.

பொலிபியோ சாதுவான மனிதன். எந்த என்ஜினையும் பிரித்து மாட்டுவான், ஆனால் மலை வளைவைக் கண்டால் தலை சுற்றும். ஒவ்வொரு தவக்காலத்திலும் அவள் அவனுக்கு ஒரு கிண்ணம் இனிப்புப் பயறு கொடுத்தனுப்புவாள். காலிக் கிண்ணத்தைத் திருப்பித் தர வரும்போது, இந்த வருஷமாவது கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்பான். பார்க்கலாம் என்பாள். இப்படியே பன்னிரண்டு கிண்ணம் போய்வந்தது. அவனை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று நானே ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

"நல்லவன்தான்," என்றாள். "நிகானோரும் சாவி கைக்கு வர்ற வரைக்கும் நல்லவனாத்தான் இருந்தான்."

பதின்மூன்றாவது வருடம் வண்டியின் பின்பக்கம் துருவேறி ஓட்டையாகிவிட்டது. பொலிபியோ ஒரு வாரம் கேட்டு வாங்கிப் போனான். தட்டி, ஒட்டி, புதுசாக நீலம் அடித்து, பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தான். நான் பின்கதவைப் பார்த்தேன். ஆறு எழுத்தும் வெள்ளையில் ஜொலித்தன. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மாதிரியே செய்து அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறான், மக்கு.

எர்மினியா ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் படித்தாள். "டொய். ஓ. டா. இருக்கேன், இல்லேன்னா இருக்கான். ஒண்ணு நான், இல்லேன்னா அவன். இதை நான் நிகானோர் வாயால ஏற்கெனவே கேட்டாச்சு, பொலிபியோ."

எங்கள் பேச்சில் 'ஓ' என்றால் 'இல்லேன்னா', 'டா' என்றால் 'இருக்கான்'. எங்கள் ஊரில் இத்தனை வருடம் இத்தனை டொயோட்டா ஓடியும், அந்தப் பெயரை அப்படிப் பிரித்துப் படிக்க யாருக்கும் தோன்றியதில்லை. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது நாள் அவன் பக்கமே திரும்பவில்லை. பின்கதவுக்கு மேல் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பூண்டு ஏற்றினாள். அந்த வருடம் கிண்ணமும் போகவில்லை. எனக்கு மனசே சரியில்லை.

பத்தாம் நாள் காலையில் பொலிபியோ பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றான். நான் வேலியோரம் நகர்ந்தேன், செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல.

"மூணு எழுத்தையும் மறைச்சிட்டுப் போயிடறேன்," என்றான். "இதையும் வாங்கிக்குங்க."

நீட்டிய கையில் ஒரு சாவி. கியர்பாக்ஸைச் சரிசெய்த அன்று பட்டறை வேலைக்காக அடித்து வைத்த மறுசாவி அது. பன்னிரண்டு வருடமாக அவனிடம்தான் இருந்திருக்கிறது. அவளுக்கே அது இப்போதுதான் தெரியும்.

எர்மினியா சாவியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சாவியை வாங்கவில்லை, பிரஷை வாங்கினாள். சாக்கை விலக்கி, நான்காவது எழுத்தை மட்டும், அந்த ஒற்றை ஓ-வை மட்டும், நீலத்தால் மூடினாள்.

பொலிபியோ எழுத்துக் கூட்டிப் படித்தான். "டொய்... டா." இருக்கேன், இருக்கான்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "இப்ப ஏறு. வலது பக்கம்."

எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். அவன் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, வளைவு வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டான். நான் என் வேலியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.