ஒரு கல் உப்பு

எங்கள் வீட்டில் சமைக்கும்போது யாரும் குழம்பை வாயில் விட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் எச்சில். கொதி வரும்போது ஆவியை ஒருதரம் முகர்ந்து, "ஒரு கல்லு கம்மி" என்று என் மனைவி சொன்னால், கம்மி ஒரு கல்தான். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் ஆபீஸ் வரைக்கும் பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனவன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் விட்டது. கூடவே வாசனையும் போய்விட்டது. மல்லிப்பூவை மூக்கில் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. நாக்கும் மரத்துவிட்டது. "திரும்ப வரும், எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

மறுநாளே அடுப்படிக்குப் போய், உப்பைக் குத்துமதிப்பாகப் போட்டு மத்திக் குழம்பு வைத்தாள். முதல் வாயிலேயே எனக்குத் தொண்டை கரித்தது.

"ஏங்க, உப்பு சரியா இருக்கா?"

"கணக்கா இருக்கு."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. தினமும் அவள் குளிக்கப் போனதும் நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். உருளைக்கிழங்கு உப்பை இழுக்கும் என்பார்களே, போட்டுப் பார்த்தேன். கிழங்குதான் கரித்தது, குழம்பு அப்படியே இருந்தது. விழுந்த உப்பை வெளியே எடுக்க முடியாது. புளித்தண்ணீரோ தேங்காய்ப்பாலோ ஊற்றிக் குழம்பைப் பெருக்கத்தான் முடியும். கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டால் உப்பு சரியாகத் தெரியாது. உள்ளங்கையில் விட்டு, ஆறவைத்து நக்க வேண்டும். ஆமாம், எச்சில்தான். வேறு என்ன செய்ய?

ஆனால் பழைய குழம்பைச் சுடவைத்துச் சுண்டவிட்டால் உப்பு ஏறும் என்பது இந்தப் புத்திசாலிக்குத் தெரியாமல் போயிற்று. திருவேட்டக்குடியிலிருந்து கூடை கொண்டுவரும் மீன்கார அம்மாவுக்கு ஒரு காலை என் மனைவி பழைய சோறும், சுண்டவைத்த முதல் நாள் குழம்பும் கொடுத்தாள். அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, கடலையே காச்சி ஊத்திட்டீங்களா?"

என் மனைவி சிரிக்கவில்லை. அவர் போகும்வரை காத்திருந்து என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"காய்ச்சல் விட்டதுலேருந்து."

"தட்டத் தள்ளிட்டுப் போற ஆளு நீங்க. நீங்களே பாவம் பாக்குற அளவுக்கு ஆயிட்டேனா நான்?" கரண்டியை என் பக்கம் நகர்த்தினாள். "என் கைப்பக்குவம் போச்சுங்க. இனிமே நீங்களே ஆக்குங்க."

அதன்பிறகு அவள் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஆக்கியதைச் சாப்பிட்டாள். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஒருதரமாவது தட்டைத் தள்ளமாட்டாளா என்று ஏங்கினேன். தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்பேன்.

"மீன எப்ப போடுறது?"

"குழம்பு கொதிச்சு பச்ச வாசம் போனப்பறம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. எழுந்து மட்டும் வரமாட்டாள். அவள் இல்லாத அடுப்படி எனக்குப் பிடிக்கவே இல்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மடவை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அடுப்பை அணைக்கப் போனேன்.

"என்னங்க, ஒரு கல்லு கம்மி."

கூடத்திலிருந்து வந்த குரல். கை அப்படியே நின்றது. மறுபடி விட்டு, நன்றாக ஆறவைத்து நக்கினேன். கம்மிதான்.

திரும்பினால் அடுப்படி வாசலில் நிற்கிறாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்குகிறது. உள்ளே வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் அழுவுறீங்க?"

"மொளகா நெடி."

"இன்னும் பொய்யா?" என்று உப்பு ஜாடியைத் திறந்து, ஒரே ஒரு கல்லைப் போட்டாள்.