முகம் கீறச் சொன்ன யோகண்ணன்

"இந்த மனுஷன் ஒருநாள் தூக்கத்திலேயே போயிடுவார், யாருக்கும் சிரமம் வைக்க மாட்டார்" என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். செவ்வாய் காலை யோகண்ணன் மகள் சுபா போனில் அழுதபடி அதையேதான் சொன்னாள். வலியில்லாமல் போனாரே என்று மனம் லேசானது.

லின்ஃபீல்ட் ஹாலில் சனிக்கிழமைகளில் யோகண்ணன் நம் பிள்ளைகளுக்குப் பழைய அமெரிக்கக் கார்ட்டூன் காட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். புரொஜெக்டர் ஓட்டியவன் நான். நியூசிலாந்திலேயே அந்த மெஷின் என் கைக்கு மட்டும்தான் அடங்கும். கறுப்பர்களையோ சீனரையோ கேலியாக வரைந்த இடம் வந்தால் நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளிடம் கேட்பார்: "ஆரைக் கேட்டுக் கீறினது?"

ஒரு படத்தில் கறுப்பினச் சமையல்காரி வருவாள். கரிமூட்டை முகம், தட்டு போல உதடு. "இது முகமே இல்லை. மாரியப்பன், வாற சனிக்கு அந்த மனுசிக்கு நல்ல முகம் கீறோணும்" என்றார். எங்கள் மதுரைப் பக்கம் கீறுவதென்றால் பிளேடுதான். பிலிமில் அவள் வரும் கட்டம் ஒன்றுவிடாமல் முகத்தைச் சுரண்டினேன். ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குக்கூட அந்த நிதானம் வராது.

சனிக்கிழமை திரையில் முகத்துக்குப் பதில் வெள்ளை வெளிச்சம் குதித்தது.

"ஐயோ, என்ன செய்து வச்சிருக்கிறீர்?"

"நீங்கதானண்ணே கீறச் சொன்னீங்க?"

"பிள்ளையள் பேப்பரில படம் கீறுறதையெல்லோ சொன்னனான்!"

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பிள்ளைகளிடம் காகிதத்தை நீட்டினார். "நல்லதாப் போச்சு. இப்ப இடம் காலி. கீறுங்கோ." ஃபிஜிக்காரச் சிறுமி ராதிகா, பாட்டனி டவுன்ஸ் கடையில் வேலை பார்க்கும் தன் அம்மாவை வரைந்தாள்.

தகனம் முடிந்ததும் சுபா ரீல்களைக் குப்பைக்கு எடுத்து வைத்தாள். "ஆரும் பாத்தா அப்பாவும் அப்பிடித்தான் நினைச்சவர் எண்டு சொல்லுவினம், அங்கிள்."

"உங்கப்பா கடைசியா என் கையப் புடிச்சு, ரீலை எறிய விடாதேயும்னு சொன்னாரும்மா" என்றேன்.

"ஓம்... அப்ப நீங்களே ஒருக்கா ஓட்டுங்கோ."

அதே ஹாலில் எல்லோரையும் கூட்டி ஓட்டினேன். வளர்ந்துவிட்ட ராதிகா எழுந்து, அந்த வெள்ளை வெளிச்சம் ஏன் வந்தது, அதன் பிறகு தான் யாரை வரைந்தாள் என்று சொன்னாள். ஹாலே சிரித்தது. சுபாவும் சிரித்தாள். ரீல்கள் இப்போது அவள் வீட்டு அலமாரியில். யோகண்ணன் பெயருக்கு ஒரு கறையும் இல்லை.

"ஆரைக் கேட்டு" என்ற அவருடைய அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். சுபா, இந்த அஞ்சலியை நீயும் படிப்பாய் என்று தெரியும். அவர் என் கையைப் பிடித்தது நிஜம். கேட்டது மட்டும் "ஒரு பிளேன் டீ கிடைக்குமோ?" என்றுதான். மற்றது நான் விட்ட ரீல். ஆரைக் கேட்டு விட்டனீர் என்று அவர்தான் வந்து கேட்க வேண்டும்.