ஆண்டியப்பன் சர்டிபிகேட்டின் எடை

ஆண்டியப்பன் வீட்டில் நடந்த அந்தச் சண்டைக்கு நான்தான் காரணம். இலங்கையை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும், யாராவது ஒரு ஆங்கில வரியைத் தமிழில் சொல்லச் சொன்னால் நான் மெல்ல எழுந்து போய்விடுகிறேன்.

1958. டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆண்டியப்பன் மலையில் கான், அதாவது மழைத்தண்ணி ஓடும் வாய்க்கால், வெட்டுகிறவன். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது அவனுக்கு. பூட்டு, கடிகாரம், ஒருதரம் கோயில் மணியின் நாக்கு. திரும்ப மாட்டும்போது கட்டாயம் ஒரு திருகாணி மிஞ்சும். "இது சும்மா அழகுக்கு வச்சது" என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

இந்த ஆசையில் ஹட்டனில் ஞாயிறுதோறும் நடந்த ஒரு மெக்கானிக் வகுப்பில் சேர்ந்தான். கட்டணம் எண்பது ரூபாய். அதற்காக அவன் மனைவி வேலாயியின் காதுத் தோடு அடகுக்கடைக்குப் போனது. பாஸ் பண்ணியதும் தேயிலை ஃபாக்டரியில் வேலை, மூன்றே மாதத்தில் தோடு காதில் என்பது பேச்சு. ஒரு வருஷம் படித்தான், பாஸும் பண்ணினான். ஆனால் ஃபாக்டரியில் ஏற்கெனவே ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் நல்ல திடகாத்திரமாக வேறு இருந்தார்.

சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களெல்லாம் கூடையோடு நிற்கும்போது வேலாயி புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கம் போன என் கையில் அதைக் கொடுத்தாள்.

"டீச்சர், என் தோட்டுக்குப் பதிலா என்னா எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சத்தமாப் படிங்க."

ஒரு சொல்லும் விட்டுப்போகக்கூடாதே என்ற பயத்தில், இங்கிலீஷில் இருந்ததை இருந்தபடி தமிழில் படித்தேன்:

"ஆண்டியப்பன் என்பார் பரீட்சகர்களைத் திருப்திப்படுத்தியுள்ளார்."

அடுத்த லயத்துவரிசை வீட்டு அம்மாக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னாத்தக் குடுத்துத் திருப்திப்படுத்துனாராம்?"

"வேற என்னா? எண்பது ரூபாதான்!" என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

வேலாயி புருஷன் பக்கம் திரும்பினாள். "படிப்புக்குன்னுதானே தோட்டைக் கழட்டுனேன்? கண்டவனுக்குக் குடுத்துத் திருப்திப்படுத்திட்டா வந்த?"

"அடியே, பாஸ் பண்ணுனேன்டி!"

"அப்ப பாஸ்னு எழுத வேண்டியதுதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இங்கிலீஷ்ல பாஸ் பண்றத அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"பாத்தியா, வெள்ளைக்காரன் ஊர்லயும் அப்படித்தானாம்" என்று அம்மாக்கண்ணு பெருமூச்சு விட்டாள்.

கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளைக்கு ஒரே குஷி. "சண்டை எதுக்கு? அதுக்கு என்னா பெறுமதின்னு இப்பவே நிறுத்துப் பாத்துருவோம்" என்று சட்டத்தை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டினார். முள் அசையவே இல்லை. கூடையின் எடைக்கென்று ஒவ்வொரு நிறுவையிலும் ரெண்டு ராத்தல், அதாவது ரெண்டு பவுண்டு, கழிப்பது அவர் வழக்கம்.

"சைபர்! கூடைக்கழிவு ரெண்டு ராத்தல் வேற இருக்கு. ஆண்டியப்பா, நீதான் தோட்டத்துக்கு ரெண்டு ராத்தல் கொழுந்து தரணும்!"

சிரிப்பில் கூடைகள் குலுங்கின. வேலாயி சிரிக்கவில்லை. வெறுங்காதைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆண்டியப்பனும் சிரிக்கவில்லை. அவன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிக் கடையில நிறுத்தாங்க, சரியா ரெண்டு ராத்தல். ஹட்டன்லருந்து மடியில வச்சு எனக்குத் தொடையே மரத்துப்போச்சு. முள்ளு ஏன் அசையல?"

"ஏய், தோட்டத்துச் சாமான்ல கை வைக்காத!" என்று கணக்கப்பிள்ளை கத்துவதற்குள் தராசின் முகம் கழன்று அவன் கையில் இருந்தது. உள்ளே சுருள்கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கோழிமுட்டை அளவில் ஒரு மண்குளவிக் கூடு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தராசை மூடி, சட்டத்தை மறுபடி மாட்டினான். முள் ரெண்டில் போய் நின்றது.

அம்மாக்கண்ணு விரலை மடக்கினாள். "ஒரு நிறுவைக்கு ரெண்டு ராத்தல் கொறச்சுக் காட்டிருக்கு. ஒரு நாளைக்கு மூணு நிறுவை. அப்ப தலைக்கு ஆறு ராத்தல் இந்தக் குளவியா தின்னுச்சு? ஐயா கழிக்கிறதுக்கு முந்தியே குளவி கழிச்சிருக்குடி!"

கணக்கப்பிள்ளை மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்.

வேலாயி மட்டும் புருஷன் கிட்டே போனாள். "கையைக் காட்டு."

விரித்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"சட்டைப்பை?"

அதிலும் இல்லை. அவன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருகாணியும் மிஞ்சவில்லை.

"படிச்சுத்தான் இருக்க" என்றாள் அவள்.

ஃபாக்டரி வேலை அவனுக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் சேதி தோட்டத்து மேனேஜர் தொரை காதுக்குப் போய், திங்கட்கிழமை தோறும் தோட்டத்துத் தராசுகளையெல்லாம் பார்க்கச் சொல்லி அரைநாள் சம்பளம் கூடப் போட்டுக்கொடுத்தார். அதோடு வேலாயிக்கு நாளும் கூடக் கிடைத்த ஆறு ராத்தல் காசும் சேர்ந்து ஒன்பது மாதத்தில் தோட்டை மீட்டது. "சர்டிபிகேட்டு அவருது, கொழுந்து என்னுது" என்று அவள் எல்லாரிடமும் கணக்குச் சொன்னாள்.

தோட்டை அவனே மாட்டிவிட்டான். அவள் இரண்டு காதிலும் திருகாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்தச் சர்டிபிகேட்டுல கீழ ஒரு வரி சேத்து எழுதுங்க. பொண்டாட்டியையும் திருப்திப்படுத்திட்டாருன்னு."

"இடமில்ல வேலாயி" என்றேன். அதையாவது சரியான தமிழில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.