பணிமனை அணியின் எட்டாவது வாக்கு

பேருந்துப் பணிமனையின் வாயிலில் உள்ள நேரக்காப்பாளர் அறை ஆறடி நீளம், ஐந்தடி அகலம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சன்னலை ஒட்டி ஒரு முத்திரை இயந்திரம். அதற்குமேல் அங்கே இடமில்லை. பேருந்து வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் ஓட்டுநர் தன் நடைச்சீட்டை இயந்திரத்தின் வாயில் நீட்டுவார். அது ஒரு கடி கடித்து, தேதி, நேரம், வரிசை எண் மூன்றையும் பதித்துத் திருப்பித் தரும். அந்த எண் முன்னேதான் போகும். யார் நினைத்தாலும் அதைப் பின்னே இழுக்க முடியாது.

இருபத்தாறு ஆண்டுகளாக அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பணிமனை முழுவதும் ‘கவர் அக்கா’ என்றுதான் அழைத்தது. கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறியாமல் எடுத்துவைத்துக்கொள்பவர் என்பதால் வந்த பெயர். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். ஆனால், அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் கேலியாகச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு பணிமனைத் தொழிலாளர்களின் கால்பந்து அணி முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. மொத்தம் பன்னிரண்டு அணிகள். ஆண்டு முடிவில் கடைசியாக வருவது இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அங்கே முதலாவதாக வருவது மேலே ஏறும். அந்த ஆண்டு மழையால் பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தை மீண்டும் நடத்தக் கால்பந்துச் சம்மேளனம் நாள் குறித்தது. அந்தக் கடிதம் பணிமனைக்கு வந்து சேர்ந்ததோ, குறித்த நாளுக்கு மறுநாள். மைதானத்துக்கு வராத அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஓர் ஆட்டத்தால் பணிமனை அணி பன்னிரண்டாவது இடத்துக்குப் போய், இறங்கியது.

கடிதத்தை வாயிலில் கையால் வாங்கியவர் நேரக்காப்பாளர். ஆகவே சம்மேளனத்தின் விசாரணைக்கு அவரையும் அழைத்துப் போனார்கள்.

“பதிமூணு நாள் முன்னாடியே அனுப்பிட்டோமேம்மா,” என்றார் விசாரித்தவர்.

“வெள்ளிக்கிழமைதான் சார் வந்துச்சு. நான்தான் வாங்கினேன்.”

“உறை இருக்கா? தபால் முத்திரை பாக்கலாம்.”

உறை இல்லை. அப்போது அணிச் செயலாளராக இருந்த பண்டகக் காப்பாளர் அதில் நட்டு போல்ட்டு சுற்றி எட்டாம் எண் வண்டிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. கையில ஒண்ணும் இல்லாம வந்தா நாங்க என்ன பண்றது?” என்றார் அவர், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைதான் நெஞ்சில் தைத்தது. அதட்டியிருந்தால்கூட மறந்திருப்பார்.

அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்பைத் தமக்குத் தரும்படி கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“அக்கா, பந்து உருண்டையா சதுரமான்னு தெரியுமா?” என்றார் ஒரு நடத்துநர்.

“உருண்டைப்பா. கடுதாசி சதுரம். ரெண்டும் தெரிஞ்ச ஆள் உங்ககிட்ட வேற யாரு இருக்கா?”

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர் அவர். சம்மேளனத்தின் எண்பத்து நான்கு பக்க ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு ஏழு மாதங்களில் படித்து முடித்தார். புரியாத சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் பொருள் எழுதினார். சம்மேளனத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் வந்த நிமிடமே உறையோடு முத்திரை இயந்திரத்தில் கொடுத்து எடுத்தார். மேலாளர் ஒருமுறை, “இது வண்டிக்கு வெச்ச மிஷின்மா,” என்றபோது, “தபாலும் உள்ள வர்றதுதானே சார்,” என்று பதில் சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டார். அந்த அனுமதிக் கடிதத்திலும் முத்திரை உண்டு.

தாள்கள் வீட்டு இரும்புப் பீரோவில் சேர்ந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்தும் வேலை பார்த்த அவருடைய கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்: “கல்யாணத்துக்கு வாங்கின பீரோங்க. சம்மேளனம் உள்ள இருக்கு, என் சட்டை கொடியில தொங்குது.” முறையிட்டாலும், ஆண்டுவாரியாகக் கோப்புகளுக்கு அட்டை ஒட்டியவர் அவர்தான்.

பதினான்காவது ஆண்டில், எட்டு ஆட்டம் முடிந்தபோது பணிமனை அணி இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் நின்றது. அந்த வாரம்தான் அந்தக் கடிதம் வந்தது.

‘சமவாய்ப்புத் திட்டம்’ என்று தலைப்பு. உள்ளே நான்கு அம்சங்கள். ஒன்று, எந்த அணியும் ஆட்டக்காரர் ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. இரண்டு, நுழைவுச்சீட்டு வருமானத்தில் பாதி பொது நிதிக்குப் போய் எல்லாருக்கும் சமமாகப் பிரியும். மூன்று, கடைசியாக வந்த அணிக்கே புதிய ஆட்டக்காரர்களில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. நான்கு, முதல் பிரிவின் பன்னிரண்டு அணிகளும் இனி நிரந்தரம். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இந்தப் பருவத்திலிருந்தே அமல்.

கவர் அக்கா மும்முறை படித்தார். முதல் மூன்றும் நியாயமாகவே பட்டன. நான்காவதைப் படித்ததும் விதிப்புத்தகத்தை எடுத்தார். கடிதத்தின் தேதி, பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முந்தையது. விதி முப்பத்தொன்று சொல்வது இது: போட்டி முறையில் செய்யும் மாற்றம் முதல் ஆட்டத்துக்கு முன்பே அணியின் கைக்குக் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அது அந்தப் பருவத்துக்குப் பொருந்தாது, அடுத்த பருவத்திலும், முதல் பிரிவு அணிகள் கூடி மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தால்தான் பொருந்தும். இரண்டாம் பிரிவின் மற்ற அணிகளுக்கும் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. அவர்களில் ஒருவரிடமும் உறை இல்லை.

அவர் விளையாட்டு வீரர்களிடம் சொன்னது ஒன்றே: “நீங்க ஜெயிச்சுக்கிட்டே இருங்க. தாளை நான் பாத்துக்கறேன்.”

அவர்கள் ஜெயித்தார்கள். கடைசி நாளில், நூற்பாலை அணியை ஒரே புள்ளியில் முந்தி முதலிடம் பெற்றார்கள். அதே வாரம், கவர் அக்கா எழுதிக்கொடுத்த முறையீட்டின் மேல் விசாரணை.

சம்மேளனச் செயலர் தம் அனுப்புகைப் பதிவேட்டை விரித்தார். “தேதி பாருங்க. பருவத்துக்கு முன்னாடியே அனுப்பியாச்சு.”

கவர் அக்கா உறையை மேசைமேல் வைத்தார். தபால் முத்திரை மங்கிக் கிடந்தது, தேதி தெரியவில்லை. அதற்குக் கீழே இயந்திர முத்திரை தெளிவாக இருந்தது: தேதி, காலை பதினொன்று நாற்பத்திரண்டு, எண் 70418.

“இது உங்க மிஷின்மா,” என்றார் செயலர். “நீங்க எப்ப வேணா அடிச்சுக்கலாமே.”

“அடிச்சுக்கலாம் சார். ஆனா 70417 ஒன்பதாம் நம்பர் வண்டியோட நடைச்சீட்டு, 70419 இருபத்திரண்டாம் நம்பர் வண்டியோடது. ரெண்டும் என்கிட்ட இல்லை, போக்குவரத்துத் தலைமை அலுவலகத்துல இருக்கு. நான் கொண்டாந்தா நானே செஞ்சதும்பீங்க. நீங்களே எழுதிக் கேளுங்க.”

எழுதிக் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டு சீட்டுகளும் அதே நாள், ஒன்று ஒரு நிமிடம் முன், மற்றது மூன்று நிமிடம் பின். சம்மேளனம் தீர்ப்பை எழுத்தில் தந்தது: பணிமனை அணி முதல் பிரிவுக்கு ஏறுகிறது. விசாரணை அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவர் அக்காவுக்கு அழுகை வந்தது.

பத்து நாள் கழித்து, காலையில், சம்மேளனத் தலைவர் தாமே அந்த ஆறடி அறைக்கு வந்தார். உட்கார வேறு நாற்காலி இல்லாததால் சன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றார்.

“திட்டம் அடுத்த பருவத்துக்கு வாக்கெடுப்புக்கு வருதும்மா. பன்னிரண்டுல எட்டு வேணும். ஏழு இருக்கு. எட்டாவது உங்க அணி. சரின்னு கை தூக்குங்க, நீங்க என்னைக்கும் மேலதான். உங்களை யாரும் இறக்க முடியாது.”

“எங்களுக்குப் பின்னாடி கதவைச் சாத்திடுவீங்க.”

தலைவர் கோபப்படவில்லை. “நான் ஆடின அணி இறங்கின வருஷமே கலைஞ்சு போச்சும்மா. பதினெட்டு பேர். எங்க கோல்கீப்பர் அப்புறம் பந்தையே தொடலை. உங்களுக்குத் தெரியாததா? எவ்வளவோ அணி அப்படி அழிஞ்சுபோச்சு. அதை நிறுத்தணும்னுதான் இந்தத் திட்டம் கொண்டாந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பது கவர் அக்காவுக்குத் தெரிந்தது. இறங்கிய ஆண்டு பணிமனை அணியிலிருந்து விலகிய ஏழு பேரின் கடிதங்கள் பீரோவில் இருந்தன. உண்மையைச் சொன்னால், தலைவர் போன பிறகு கவர் அக்காவுக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. பதினான்கு ஆண்டு பயம் ஒரு கை தூக்கலில் தீர்ந்துவிடும். இனி ஓர் உறையையும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆடுகிறவர் அவர் இல்லை. அவர் அதை ஆடுகிறவர்களிடமே கொண்டுபோனார்.

மதியம் இரண்டு மணி, முறை மாறும் நேரம். டயர் பிரிவில் அணியின் இருபத்தொரு பேரும் டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கவர் அக்கா தலைவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?” என்றார் அணித்தலைவரான எலெக்ட்ரீஷியன். “பதினாலு வருஷம் கீழ கிடந்தோம். மேல உக்காத்தி வெச்சுப் பூட்டறேங்கறான். சாவியைத் தேடிப்போய் நாமளே திறந்து விடணுமா?”

“அண்ணே, ஒரு சந்தேகம்,” என்றார் கோல்கீப்பரான நடத்துநர். “கடைசியா வந்தா நல்ல ஆட்டக்காரனைப் பரிசாத் தர்றாங்க, இறக்கவும் மாட்டாங்க. பத்து ஆட்டம் தோத்து நிக்கறப்போ நான் எதுக்குண்ணே சேத்துல பாயணும்? சட்டை அழுக்காகும், வீட்ல திட்டுவாங்க.”

“நீ இப்பவே பாயறது இல்லையேடா!” என்றார் எலெக்ட்ரீஷியன்.

எல்லாரும் சிரித்தார்கள். பெயின்டர் மட்டும் சிரிக்காமல் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார். “கடைசி ஆட்டம் முடிஞ்சதும் நூற்பாலை கேப்டன் தரையில உக்காந்து அழுதானே, நீங்கதானே தூக்கி விட்டீங்க. அவன்கிட்ட என்ன சொன்னீங்க?”

எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

“பக்கத்துல நின்னேன், கேட்டுச்சு. ‘அடுத்த வருஷம் மேல வாடா, அங்க பாத்துக்கலாம்’னீங்க.”

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொன்னேன்,” என்றார் கடைசியில். “சும்மா சொல்லலை. அவன் வருவான்னுதான் சொன்னேன்.” பிறகு கவர் அக்காவைப் பார்த்து, “அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“நான் ஆடறவ இல்லை. நீங்க எழுதிக் குடுங்க, அதை நான் அங்க சொல்றேன்.”

துண்டுச் சீட்டில் எழுதினார்கள். வேண்டாம் என்று பதினாறு. வேண்டும் என்று ஐந்து. எலெக்ட்ரீஷியனின் சீட்டு எதுவென்று யாரும் கேட்கவில்லை. அவர் தாமே அதை விரித்துக் காட்டினார். ‘வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வாக்கெடுப்பு நாளில் கவர் அக்கா எழுந்து நின்று, விதி பதினேழின்படி ஒவ்வோர் அம்சத்தையும் தனித்தனியே வாக்குக்கு விட வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒரு விதி இருப்பது அங்கிருந்த பாதிப்பேருக்குப் புதுச்செய்தி. முதல் மூன்று அம்சங்களுக்கும் பணிமனை அணி கை தூக்கியது, மூன்றும் நிறைவேறின. நான்காவதற்கு அவர் கை மேசைமேலேயே இருந்தது. ஏழு வாக்கு. நிறைவேறவில்லை.

உடனே அவர் ஐந்தாவதாக ஒன்றை முன்மொழிந்தார்: இறங்கும் அணி கலைந்துவிடாமலிருக்க, பொது நிதியிலிருந்து ஓராண்டுக்கு அதற்குப் பங்கு தொடர வேண்டும். அதற்கு முதலில் கை தூக்கியவர் சம்மேளனத் தலைவர். அவருக்கு அங்கே வாக்கில்லை என்று செயலர் நினைவுபடுத்திய பிறகும் கையை இறக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பன்னிரண்டு அணிகளும் ஒப்பின.

வாசலில் தலைவர் கேட்டார்: “அடுத்த வருஷம் நீங்களே கடைசியா வந்தா என்னம்மா செய்வீங்க?”

“இறங்குவோம் சார். அப்புறம் ஏறுவோம். எங்களுக்கு ரெண்டும் பழக்கம்.”

அந்தப் பருவத்தில் பணிமனை அணி இருபத்திரண்டு ஆட்டங்களில் பதினொன்றில் தோற்றது. கோல்கீப்பர் சேற்றில் பாய்ந்து முன்பல் ஒன்றை இழந்தார். வீட்டில் திட்டும் வாங்கினார். கடைசி நாள்வரை இழுத்துப்பறித்து, ஒரு சமநிலையில் அணி தப்பியது. நூற்பாலை அணி கீழே முதலிடம் பெற்று மேலே ஏறியது.

மறுநாள் காலை மேலாளர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வாயிலுக்கு வந்தார்.

“எத்தனாவதும்மா வந்தோம்?”

ஒன்பதாம் எண் பேருந்து வெளியே போகக் காத்திருந்தது. ஓட்டுநரும் சன்னல் வழியே காதைக் கொடுத்தார். கவர் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பத்தாவது சார்,” என்றார், முதலிடம் பெற்றவர்கள் சொல்லும் குரலில். ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.