உலகம் அழிய இருந்த வெள்ளிக்கிழமை

யுத்த காலம். போடி கடைவீதியில் சீமை எண்ணெய்க்குத்தான் தட்டுப்பாடு, வதந்திக்கு இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை, பொழுது அடையும்போது உலகம் அழியப்போகிறது என்ற சேதி, மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கி வந்தது. அந்தப் பக்கத்துக் கடல் பொங்கி, மலையைத் தாண்டி நம் தலையில் கொட்டுமாம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தேன். நிறைமாதம். முதல் கரு தங்காமல் போய், அழுது தீர்த்த பிறகு தங்கிய பிள்ளை இது. இத்தனை காலம் சும்மா இருந்த உலகம், நான் பிள்ளை முகம் பார்க்கிற வாரத்திலா அழிய வேண்டும்?

அப்பாவின் கவலை வேறு. சுகப்பிரசவம் ஆனால் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக அவர் நேர்ந்திருந்தார். கிடா கொழுகொழுவென்று கொல்லையில் நின்றது. பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

“சொன்ன சொல்லை நிறைவேத்தாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சாமி முன்னால போயி நிப்பேன்? வெள்ளிக்கிழமை காலையிலயே வெட்டிருவோம்” என்றார்.

“பிள்ளை பெறக்குறதுக்கு முன்னால கிடாயக் குடுத்துட்டா, பெறகு சாமி என்னை எதுக்குப்பா திரும்பிப் பாக்கப் போகுது?” என்றேன்.

பக்கத்து ஏலக்காய்க் கடைக்காரர் சிரித்தார். அவர் வேதக்காரர், ஏசுவைக் கும்பிடுகிறவர்; அப்பாவின் கூட்டாளி. எனக்குப் பெரியப்பா முறை வைத்துத்தான் பழக்கம். இருவரும் தினமும் சண்டை போடாவிட்டால் சோறு இறங்காது.

“ஏப்பா, நியாயத்தீர்ப்பு அன்னைக்கு ஒங்க கருப்பசாமியா ஒக்காரப் போறாரு? எங்க ஆண்டவருல்ல ஒக்காருவாரு.”

“ரெண்டு பேருமே ஒக்காரட்டுமே. மெட்ராசுல பெரிய வழக்குன்னா ரெண்டு ஜட்ஜு ஒக்கார்றதில்லையா?”

“அந்த நாளு எந்த மனுசனுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைன்னு ஊரே சொல்லுதுன்னா, அது வெள்ளிக்கிழமை இல்லை. முடிஞ்சு போச்சு.”

இவ்வளவு தைரியமாகப் பேசியவர் வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னைக்கு எதுக்குப் பெரியப்பா கோயில் கோட்டு?”

“துவைச்சது இதுதான் கெடந்துச்சு ஆத்தா” என்றார், மலையைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் கொல்லை வாசலுக்கு எதிரே, வாய்க்காலுக்கு அப்பால் கருப்பசாமி கோயில். என் பேச்சைக் கேட்காமல் அப்பா கிடாவை அங்கே ஓட்டிப் போனார். நான் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா வாய்க்காலைத் தாண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்.

கிடாவுக்கு மாலை போட்டு, பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது.

கிடா சிலுப்பவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். நல்ல வெயில், குளிர்ச்சி சுகமாக இருந்ததுபோல, கண்ணை மூடிக்கொண்டது. குடத்தோடு கவிழ்த்தார்கள். தன் கழுத்து மாலையை எட்டிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது.

“ஏலே, ஒலகம் முடியப் போகுதுடா! சிலுப்பித் தொலைடா!” என்று அப்பா அதன் காதுக்குள் கெஞ்சினார்.

பெரியப்பா கோட்டுக் கையை உயர்த்திக் கத்தினார்: “கிடா வேதம் படிச்சிருக்கப்பா! இன்னைக்கு ஒண்ணும் அழியாதுன்னு அதுக்குத் தெரியுது!”

“அப்ப நீ கோட்டைக் கழட்டு!” என்று அங்கிருந்து அப்பா கத்தினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன். சிரிப்பு நின்றது, வயிற்றைப் பிடித்த பிடி நிற்கவில்லை. இடுப்பில் சுளீரென்றது. “அப்பா!” என்று நான் போட்ட சத்தத்தில் கிடாவைக்கூட விட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

பிறகு சிரிக்க நேரமில்லை. வெளியே பொழுது இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறியது. கடலைப் பற்றியல்ல, இதுவும் தங்காமல் போய்விடுமோ என்றுதான். ‘கருப்பா, ஆண்டவரே, யாராவது ஒருத்தர்’ என்று இருவரையும் சேர்த்தே கூப்பிட்டேன். பொழுது மலைக்குப் பின்னால் போனபோது பிள்ளை விழுந்தது. அழவில்லை. மருத்துவச்சி ஒரு கை தண்ணீரை அள்ளி அதன் மேல் விட்டாள்.

உச்சி முதல் உள்ளங்கால்வரை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு, வீடு அதிர அழுதாள் என் மகள்.

“தண்ணி பட்டதும் எப்படிச் சிலுப்புறா பாரு!” என்றாள் மருத்துவச்சி.

கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் உடைந்தது. “சிலுப்பிருச்சா? அப்ப உத்தரவு கெடைச்சிருச்சு!”

“எதுக்கப்பா உத்தரவு?” என்றார் பெரியப்பா.

“ஒலகம் நடக்கட்டும்னுதான்.”

பிள்ளை பிறந்த தீட்டில் வெட்டு தள்ளிப்போக, திரும்பி வந்த கிடா தன் பாட்டுக்குக் கொல்லையில் மிச்ச மாலையைத் தின்றுகொண்டிருந்தது. அப்பா சொன்னதற்குப் பெரியப்பா என்ன மறுப்புச் சொல்லப்போகிறார் என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “கோட்டைக் கழட்டிட்டேம்ப்பா” என்றார்.