அப்பா பிரிக்காத பாக்கெட்

அப்பாவின் ஏழாம் நாள். மஃரிப் தொழுகை முடிந்ததும், இறந்தவருக்காகக் கூடி ஓதும் தஹ்லிலுக்கு நாற்பது ஆண்கள் வருவார்கள். அம்மா பாய்களின் நடுவே எட்டுக் கண்ணாடித் தம்ளர்களை வைத்திருந்தாள். எங்கள் ஜொம்பாங் பக்கத்தில், வருகிறவர்களுக்காக அந்தத் தம்ளர்களில் கிராம்பு சிகரெட்டுகளைச் செருகி நிறுத்துவது வழக்கம். நான் மாட்டேன் என்றேன்.

"ஊர் என்ன சொல்லும், நுடுக்?" என்றாள் அம்மா. எங்கள் பக்கம் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எதனால செத்தாருன்னு ஊருக்குத் தெரியும்மா."

அப்பா பெயர் காசிரான். பாசன வாய்க்காலில் முப்பத்தொரு வருடம் மதகுக் காவலர். விடிந்ததும் சக்கரத்தைச் சுற்றுவார். நடவு சமயத்தில் பதினான்கு சுற்று, கதிர் முற்றினால் நான்கு. பிறகு அளவுப் பலகையைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறிப்பார். ஒருநாளும் உத்தேசமாக எழுதியதில்லை.

மாலையில் மறுபடி மட்டம் எழுதி முடித்ததும் மதகடி பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைப்பார். பக்கத்தில் அண்ணன் கியாந்தோ. நான் அவனை 'மாஸ்' என்பேன், அவன் தங்கையான என்னை 'டிக்' என்பான். சுன்னத் செய்த அன்று அவனுக்கு அப்பாவே ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்து, "இனி நீ ஆம்பள" என்றார். எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இரண்டு புகை எழுந்து மேலே ஒன்றாகிப் போகும்.

சுரபாயாவில் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் சோதனைப் பிரிவில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பத்துப் பாக்கெட் சிகரெட் அடங்கிய பெட்டி வாங்கினேன். புகை நுரையீரலை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள். தெரிந்தேதான் வாங்கினேன். அப்பா பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"எழுந்திரு கியான். என் பொண்ணு உட்காரட்டும்."

அண்ணன் நின்றான். அதைப் போல இன்னொரு மாலை எனக்கு வாய்க்கவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து அவரை என் கருவியில் ஊதவைத்தேன். முதல் நொடியில் வெளிவந்த மூச்சு 0.9 லிட்டர். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் இரண்டரை வந்திருக்கவேண்டும். மூன்று முறை ஊதச் சொன்னேன். மூன்று முறையும் அதே எண்.

"விட்டுடுங்கப்பா."

"முடியல, நுடுக்."

"நோன்பு மாசத்துல பாங்கு சொல்ற வரைக்கும் தொடாம இருக்கீங்களே. முப்பது நாளும் இருக்கீங்க. எனக்காக முடியாதா?"

"அப்ப ஊரே தொடாது. நீ என்னை மட்டும்ல கேக்கற?"

சாக்கு என்று நினைத்தேன். அல்லாஹ்வுக்காக முடிந்தது எனக்காக முடியவில்லையே என்று அல்லாஹ்மேலேயே பொறாமைப்பட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரிடம் எண்களை மட்டும் பேசினேன். மிச்ச மாலைகள் எல்லாம் அண்ணனுக்குப் போயின.

ஏழாம் நாள் சாயங்காலம் அண்ணன் சிகரெட் வாங்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே மறித்தேன்.

"கடைசிவரைக்கும் நீதான பத்தவச்சுக் குடுத்த, மாஸ்?"

"ஆமா. கை நடுங்குச்சு அவருக்கு. கேட்டாரு, குடுத்தேன்."

"கேட்டா குடுத்துடுவியா?"

"நீ கேக்காமயே வாங்கிக் குடுத்தவதானே?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பாக்கெட்டை எடுத்து என் கையில் திணித்தான். மேல்தாள் மஞ்சளாகியிருந்தது. பிரிக்கவே இல்லை.

"மதகு ரூம்ல, அளவு நோட்டுக்குப் பின்னால இருந்துச்சு. உன் பெட்டியில பத்தாவது. ஒருநாள் கையில ஒண்ணுமில்லாம தவிச்சாரு. இதை எடுத்தேன். 'வை அதை, அது நுடுக் குடுத்தது'ன்னு கத்தினாரு. நான் ஆயிரம் பாக்கெட் குடுத்திருப்பேன். ஒண்ணையாவது எடுத்து வச்சாரா?"

இத்தனை வருடம் அவனும் என்னைப் போலவே பொருமியிருக்கிறான். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. மறைக்க முயன்றேன். அவன் பார்த்துவிட்டான்.

"சிரிச்சுக்கோ," என்றான். வாங்கி வந்ததை அடுப்பு மேடையில் வீசிவிட்டுப் பாய் விரிக்கப் போனான்.

தம்ளர்களில் நான் மரவள்ளிக் குச்சி வறுவலை நிறுத்தினேன். ஓத வந்த பெரியவர் சர்பினி ஒன்றை உருவிப் பார்த்தார்.

"இதைப் பத்தவைக்கணுமா, கடிக்கணுமா?"

"தங்கச்சி உத்தரவு, பெரியவரே," என்றான் அண்ணன். "கடிங்க."

"காசிரானுக்குத் தெரிஞ்சா எழுந்து வந்துடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஓதினார்கள். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நாற்பது பேரில் யாரும் பற்றவைக்கவில்லை. யாரும் எழுந்து வெளியே போகவும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒருத்தி சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்டிருந்தது. அப்பா இருந்தபோது இவர்களிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரை மட்டும்தான் கேட்டேன்.

சோற்றுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வேலியைத் தாண்டியதும் ஒவ்வொருவராகப் பற்றவைத்தார்கள். அண்ணனும் மதகடி பெஞ்சுக்குப் போனான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையில் பற்றவைக்காத சிகரெட் ஒன்று இருந்தது.

"அந்தப் பாக்கெட்டை வீட்டுல பொதுவா வைப்போம், டிக்," என்றான்.

"மாட்டேன்," என்றேன்.