ஸ்விங் நடந்து வந்த ஞாயிறு

பழைய இசைத்தட்டுக் கடையில் மெழுகு பூசிய பலகைத் தரையின் வாசம் மூக்கில் ஏறியதும், எண்பதுகளில் நாங்கள் குடியேறியிருந்த பாடன் நகரில், இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட நடனக்கூடத்தின் சாமான் அறைக்குள் ஆறு வயதுச் சிறுமியாக மறுபடி ஒடுங்கிவிட்டேன். ஞாயிறு மதியங்களில் அப்பா அங்கே கோப்பை கழுவினார். அம்மாவுக்கும் வேலை என்பதால், மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால் என்னை ஒளித்துவைப்பார்.

"முதலாளியம்மா கண்டாவெண்டால் எனக்கு வேலை போயிடும், பிள்ளை. மூச்சு விடாதை."

"மூச்சு விடாமல் எப்பிடியப்பா இருக்கிறது?"

"வாயாடி! மெல்லமா விடு."

முதலில் பழைய ஜாஸ் தட்டுகள் சுழலும். டியூபா என்ற பெரிய ஊதுகுழல் இரண்டு அடி வைத்து மூச்சு வாங்கும் இடைவெளியில், முதலாளியம்மாவின் குதி உயர்ந்த சப்பாத்துச் சத்தம் எங்கே போகிறதென்று காதில் பிடித்துவிடுவேன். பிறகு ஸ்விங் என்ற நடன ஜாஸ் வரும். டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் நான்கு அடியும் சமமாக, நிற்காமல் நடக்க, எது இசை, எது காலடி என்று தெரியாமல் இன்னும் பதுங்குவேன்.

ஒரு ஞாயிறு தட்டு நின்றது, நடை நிற்கவில்லை. கதவு திறந்தது. முதலாளியம்மா என்னையே பார்த்தார். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவின் வேலை போகவில்லை. போய்விடுமோ என்று ஒவ்வொரு ஞாயிறும் பயந்தேன், முதலாளியம்மா என்னைக் கண்டதை அப்பாவிடம் சொல்லவேயில்லை. இன்று ஸ்விங் என்றால் எனக்கு உயிர். ஆனால் கதவைப் பார்த்தபடிதான் கேட்கிறேன்.